லேபிள்ல எழுதாம விட்டது

கோயமுத்தூர்ல ஒரு ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடிங்கள சேத்து வெக்கற எடத்துல, வேலை பாக்கறனுங்க. காட்டுல இருந்து வர்ற செடிய நியூஸ்பேப்பருக்குள்ள வெச்சு அழுத்தி, தெனமும் பேப்பர் மாத்தி காய வெச்சு, கெட்டி அட்டையில நூல் போட்டு தெச்சு வெக்கறதுதான் வேலை. ஒரு நாள் பேப்பர் மாத்த மறந்தாலும் பூஞ்சை புடிச்சிரும்.

நான் சேந்தது 2018ல. நீலக்குறிஞ்சி பூத்த வருசம், 12 வருசத்துக்கு ஒருக்கா வர்றது. பெர்மிசன் வாங்கிட்டு பழனி வழியா கொடைக்கானல் ஏறினோம். இடுப்பு உசரங்கூட இல்லாத பொதருங்க, ஆனா சரிவு முழுக்க நீலமும் ஊதாவுமா, எங்க பாத்தாலும் தேனீ. அந்த சந்தோசத்துல ஒரு கொப்ப வெட்டிட்டு "குறிஞ்சி, கொடைக்கானல்"னு மட்டும் எழுதிட்டு வந்துட்டேன்.

காஞ்சதும் பூவோட நெறம் போயி பழுப்பாயிருச்சு. சீனியர் அண்ணன் லேபிள பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்பறம், "கண்ணு, பூ என்ன நெறம்? எத்தன மீட்டர் உசரத்துல நின்னுச்சு? கூட என்ன புல்லு, சோலைக்காடு எவ்வளவு தூரம்? இதெல்லாம் இல்லாம இந்த காஞ்ச குச்சிய வெச்சு நான் என்ன சொல்றது?"ன்னார். அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலீங்க.

இந்த செடி ஒரே தடவ பூத்து வெதை போட்டுட்டு பட்டுப்போயிரும். அந்த வெதை மொளைச்சு வளர அதே மாதிரி தெறந்த புல்வெளி வேணும், 1300 மீட்டருக்கு மேல, சோலைய ஒட்டி இருக்கறது. அத சும்மா கெடக்கற நெலம்னு நெனச்சு வெள்ளக்காரன் காலத்துல இருந்து சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன்னு நட்டு மூடிட்டாங்க, மரம் அடைச்ச எடத்துல குறிஞ்சிக்கு வெயிலும் இல்ல எடமும் இல்ல. 2024ல ஐயூசிஎன்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல இதையும் அழியறதுக்கு வாய்ப்பு இருக்கற ('வல்னரபிள்') இனமா சேத்துட்டாங்க.

எனக்கு தாராபுரம் பக்கமுங்க. ஒரு பூவுக்கா இத்தன பாடுன்னு ஊர்ல கேப்பாங்க. அந்தப் புல்லும் சோலையும் மழைய புடிச்சு வெச்சு கொஞ்சங்கொஞ்சமா விடறதுனாலதான் பழனி மலைக்கும் ஆனைமலைக்கும் நடுவுல இருந்து நம்ம அமராவதிக்கு தண்ணி வருதுன்னு சொல்லுவேன், அப்பத்தான் காது குடுத்து கேப்பாங்க.

அடுத்து பூக்கறது 2030ல. புதுசா சேந்த பொண்ணுகிட்ட என்னோட ஷீட்ட எடுத்து காட்டினேன், "அண்ணா, இதே எடத்துக்கு போயி பாக்கலாமா, இன்னும் புல்லாத்தான் இருக்குதா இல்ல சீகை வந்துருச்சான்னு"ன்னு கேட்டுச்சு. எந்த சரிவுன்னு லேபிள்ல இல்லீங்க, எனக்கும் இப்ப ஞாபகம் இல்ல.