ஆக்‌ஷன் வுமன் பிறந்த ஊரில்

'பெபிள்ஸ்' என்ற கராஜ் ராக் தொகுப்பு வரிசையில் முதல் தொகுதியின் முதல் பாட்டு 'ஆக்‌ஷன் வுமன்'. ஃபஸ் என்ற கரகர ஒலி போட்ட கிடார் கிழித்துக்கொண்டு வரும், அப்புறம் பொறுமை இழந்த ஒரு குரல். வாசித்தவர்கள் 'தி லிட்டர்' என்ற பேண்ட், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபோலிஸ் பையன்கள். வருடம் 1967. சிகாகோவில் வந்த வேலை முடிந்து சில நாள் கையில் இருந்தது. நண்பர்கள் நயாகரா போகலாம் என்றார்கள். நான் மினியாபோலிஸுக்கு பஸ் ஏறினேன்.

கராஜ் ராக் பக்கம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்க டிவியில் வந்தபிறகு, ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் கிடார் வாங்கி வீட்டுக் கார் ஷெட்டில் வாசிக்க ஆரம்பித்தார்கள். கையில் இருந்த காசில் சில நூறு 45 தட்டுகள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) அடித்தார்கள். உள்ளூர் ரேடியோவில் கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் கல்லூரி, வியட்நாம், கல்யாணம். தட்டுகள் பரணுக்குப் போயின. 1972இல் லென்னி கே, எலெக்ட்ரா கம்பெனிக்காக 27 பாட்டுகளை 'நகெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி.யாகத் தொகுத்தார். அது உரிமை வாங்கிச் செய்தது, பெரும்பாலும் ஓரளவு பேர் வாங்கிய பாட்டுகள். அதற்கும் அடியில் கிடந்தவற்றை எடுத்தவர் கலிபோர்னியாவின் கிரெக் ஷா. 1970களின் கடைசியில் 'பெபிள்ஸ்' வரிசையைத் தொடங்கினார். கவரில் பி.எஃப்.டி. ரெக்கார்ட்ஸ், ஆஸ்திரேலியா என்று ஒரு பொய் முகவரி. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கேட்க நினைத்தாலும் பலருடைய விஷயத்தில் கேட்க ஆள் இல்லை. கம்பெனிகள் மூடிப்போயிருந்தன. 1972 பிப்ரவரி 15க்கு முன்னால் பதிவான ஒலிப்பதிவுகள் அமெரிக்க மத்திய பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரவில்லை, மாநிலச் சட்டங்கள்தான் இருந்தன. 2018இல்தான் அது மாறியது. மூல டேப் கிடைக்காததால் பழைய 45 தட்டிலிருந்தே நகல் எடுத்தார்கள். அதனால் பாட்டோடு கீறல் சத்தமும் சேர்ந்து வரும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். யாரோ ஒருவர் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட தட்டு அது.

அக்டோபர் குளிரில் முதலில் போனது நிக்கலெட் அவென்யூ. 18ஆம் நம்பர் பஸ் அந்தத் தெருவோடுதான் போகிறது. வியட்நாமிய ஃபோ கடைகளைத் தாண்டி 26ஆம் தெரு வரும்போது 2541ஆம் எண் கட்டடம். 60களில் இங்கேதான் கே பேங்க் ஸ்டுடியோ இருந்தது. ஆமோஸ் ஹைலிக்கர் நடத்திய 'சோமா' லேபிளின் (இசைத்தட்டு கம்பெனியின்) பெரிய பதிவுகள் இங்கே உருவானவை. ஆமோஸ் என்ற பெயரைத் திருப்பி எழுதினால் சோமா. டிராஷ்மென் பேண்ட் 1963இல் 'சர்ஃபின் பேர்ட்' பதிவு செய்ததும் இங்கேதான், தேசிய ஹிட் பட்டியலில் நாலாம் இடம் வரை போன பாட்டு. காஸ்டவேஸின் 'லயர் லயர்' 1965இல் 12ஆம் இடம். பிற்பாடு இதே முகவரியில் ட்வின்/டோன் லேபிள் இயங்கி, 80களில் ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற ராக் பேண்டின் தட்டுகளை வெளியிட்டது. இரண்டு தலைமுறைச் சத்தம் ஒரே வாசல் வழியாக வெளியே போயிருக்கிறது. நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, இயர்போனில் 'லயர் லயர்' ஆர்கனைக் கேட்டேன். சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வேனில் ஆம்ப்ளிஃபயரை ஏற்றிக்கொண்டு வந்த பையன்களுக்கு இந்தக் கதவு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்!

அடுத்தது எலெக்ட்ரிக் ஃபீட்டஸ் இசைத்தட்டுக் கடை, 1968இலிருந்து இருக்கிறது. இந்த ஊர்ப் பாப் நட்சத்திரம் பிரின்ஸ் வந்துபோன கடை என்பதால் கூட்டம் அவர் அலமாரியைச் சுற்றி. தொகுப்புகள் இருக்கும் பெட்டிக்கு முன்னால் நான் மட்டும். 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' தொகுதி ஒன்று கிடைத்தது. டிம் வாரனின் கிரிப்ட் லேபிள் 80களில் தொடங்கிய வரிசை, உள்ளே பேண்டுகளின் கதையும் படமும் இருக்கும். என் கணக்கில் தொகுப்பு வேலையில் இதுதான் உச்சம். பாட்டு மட்டும் போதாது, வாசித்தவன் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று தேடிப் போடுவதுதான் மரியாதை.

அதன் பிறகு பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ஒரு சின்னக் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் என் கையிலிருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பதினேழு வயதில் பால்ரூம் நடன அரங்குகளில் ஒரு பேண்டில் ஆர்கன் வாசித்தவராம். அவர்கள் பாட்டு ஒன்று ஏதோ ஒரு தொகுப்பில் வந்திருக்கிறது. பேண்ட் பெயரில் எழுத்துப்பிழை, ஊரே வேறு மாநிலம். "பணம் வரவில்லை. கடிதம்கூட வரவில்லை," என்றார். கோபமா என்று கேட்டேன். "முதலில் கோபம்தான். அப்புறம் ஸ்வீடனிலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, இரண்டாவது சரணத்தில் நான் வாசிக்கும் இடத்தைப் பாடிக் காட்டினான். என் மகளே அதைக் கேட்டதில்லை."

அவர் சொன்னதில் கோபம், சந்தோஷம் என்ற இரண்டு பாதியும் எனக்கு முக்கியம். இந்தத் திருட்டுத் தொகுப்புகள் இல்லையென்றால் லிட்டர் பெயரே என் காதில் விழுந்திருக்காது. ஆனால் அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பதும் உண்மை. கிரெக் ஷாவைக் கொண்டாடும் கட்டுரைகள் அந்தப் பாதியைச் சட்டென்று தாண்டிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உயிரோடு இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இவர்கள். பெயரைச் சரியாக எழுதவாவது செய்யலாம்.

மறுநாள் வாடகைக் காரில் 169ஆம் நெடுஞ்சாலை பிடித்து மான்காடோ. மினசோட்டா ஆற்றை ஒட்டிய பாதை, அறுவடை முடிந்த சோள வயல்கள். 1964இல் 'ரன் ரன் ரன்' பாடிய ஜெஸ்சர்ஸ் பேண்ட் பையன்கள் இந்த ஊர்க்காரர்கள். ஊரில் அவர்களைத் தேடிப் பார்க்க எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் காபி குடித்துவிட்டு, வரும் வழியெல்லாம் அந்த ஒரு பாட்டையே போட்டுக்கொண்டு திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: 'ஆக்‌ஷன் வுமன்' அசல் 45 தட்டு பல நூறு டாலர், அதற்கு ஆசைப்பட வேண்டாம். 1998இல் ரைனோ வெளியிட்ட 'நகெட்ஸ்' பெட்டித் தொகுப்பில் அதுவும் இருக்கிறது, 'ரன் ரன் ரன்' பாட்டும் இருக்கிறது. பழைய 'பெபிள்ஸ்' எல்.பி.க்களைப் பெரிய கடைகளைவிட செயின்ட் பால் பக்கத்துச் சின்னக் கடைகளில் தேடுங்கள். கல்லாவில் வயதானவர் இருந்தால், நீங்கள் வாசித்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.