ஹென்ரியட்டா தெரு 14-ஆம் நம்பர் வீடு

ரொம்ப நாளா போகணும் போகணும்னு தள்ளிக்கிட்டே இருந்து ஒருவழியா அயர்லாந்து தலைநகர் டப்ளின்ல 14 ஹென்ரியட்டா ஸ்ட்ரீட் மியூசியத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். போல்ட்டன் ஸ்ட்ரீட்ல இருந்து திரும்புனா கல்லு பாவுன ஒரு குட்டித் தெரு, ரெண்டு பக்கமும் சுவரோட சுவர் ஒட்டி நிக்கிற நெட்டை நெட்டையான செங்கல் வீடுங்க, தெரு முடியுற இடத்துல வக்கீலுக்குப் படிக்கிற கிங்ஸ் இன்ஸ். வெளிய இருந்து பாத்தா மொட்டையாத்தான் இருக்கும். காசைக் கொட்டுனதெல்லாம் உள்ளதான், கூரைல சுதை வேலை, கணப்பு, பெரிய மாடிப்படின்னு.

1720-கள்ல லூக் கார்டினர்ங்கறவர் போட்ட தெரு இது. 14-ஆம் நம்பரை 1740-களோட கடைசில கட்டுனாங்க, மொதல்ல குடிவந்தது மோல்ஸ்வொர்த் பிரபு. அப்போ அயர்லாந்துக்குன்னு டப்ளின்ல தனி பார்லிமென்ட் இருந்தது, அதுக்கு வர்ற பிரபுங்களுக்கு ஊருக்குள்ள ஒரு வீடு வேணும், விருந்து வெக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ பெரிய ஹாலு. 1800-ல யூனியன் சட்டம் வந்து அடுத்த வருஷமே பார்லிமென்ட் லண்டனோட சேந்துடுச்சு, பணக்காரங்க ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. அப்புறம் வீடு வக்கீலுங்க கைக்குப் போச்சு. 1840-கள்ல அயர்லாந்துல வந்த பெரிய பஞ்சத்துக்கு அப்புறம் கடன்ல மூழ்குன ஜமீனையெல்லாம் வித்துக் குடுக்குறதுக்குன்னு 1849-ல சட்டம் போட்டு ஒரு கோர்ட் வெச்சாங்க, அந்தக் கோர்ட் இதே வீட்டுலதான் நடந்தது. நிலம் வெச்சிருந்தவன் விருந்து வெச்ச கூடத்துலயே அவனை மாதிரி ஆளுங்க நிலம் ஏலம் போயிருக்கு, அதைக் கேட்டப்போ கொஞ்ச நேரம் அந்த ரூம்ல அப்படியே நின்னுட்டேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பட்டாளத்துக்காரங்க இருந்தாங்க. 1877-ல தாமஸ் வான்ஸ்னு ஒருத்தர் வாங்கி 19 போர்ஷனா பிரிச்சு வாடகைக்கு விட்டார். எடம் வேணும்னு அந்தப் பெரிய மாடிப்படியையே எடுத்துட்டாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், ஆரம்பத்துல அது மோசமான வீடு இல்ல, கேஸ் லைட்டு, மாடி திரும்புற இடத்துல கக்கூஸ், வார்ட்ரி ஏரித் தண்ணி, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் அடுப்புன்னு விளம்பரம் பண்ணிதான் விட்டிருக்காங்க. ஆளு சேர சேரத்தான் கெட்டுப்போச்சு. 1911 சென்சஸ் எடுத்தப்போ இந்த ஒரு வீட்டுல மட்டும் 17 குடும்பம், 100 பேர். தொப்பி தைக்குறவங்க, டெய்லரு, புக் பைண்டரு, மர சாமானுக்கு பாலிஷ் போடுறவங்கன்னு எல்லாரும் இருந்திருக்காங்க, ஒருவேளை அந்த ரூம்லயே உக்காந்து வேலையும் பாத்திருப்பாங்க.

ஊர் முழுக்க இதே கதைதான். 1913 செப்டம்பர்ல சர்ச் ஸ்ட்ரீட்ல இந்த மாதிரி வீடுங்க இடிஞ்சு விழுந்து 7 பேர் செத்தாங்க, அப்புறம் நடந்த விசாரணைல ஒரே ரூம்ல குடித்தனம் நடத்துறது 20,000 குடும்பத்துக்கும் மேலன்னு தெரிஞ்சுது. அதோட நிக்கல, 50 வருஷம் கழிச்சு 1963 ஜூன்ல இந்தத் தெருவுக்குப் பக்கத்துலயே போல்ட்டன் ஸ்ட்ரீட்ல ஒரு வீடு விழுந்து வயசான ரெண்டு பேர், பத்து நாள்ல ஃபெனியன் ஸ்ட்ரீட்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க.

14-ஆம் நம்பர் விழல. கடைசிக் குடும்பம் காலி பண்ணினது 1970-களோட கடைசிலதான். கணக்குப் போட்டுப் பாருங்க, பார்லிமென்ட் போறவரைக்கும் பிரபுங்க காலம்னு வெச்சாலும் ஒரு 50 வருஷம், வாடகைக் குடித்தனம் 100 வருஷம். அப்போ இது யாரு வீடு? ஜார்ஜியன் வீடுன்னாலே, அதாவது ஜார்ஜ் ராஜாங்க காலத்து வீடுன்னாலே, சுதை வேலையும் பிரபு பேரும் மட்டும் பேசுறது எனக்குப் பிடிக்கவே மாட்டேங்குது. 2018-ல தொறந்த இந்த மியூசியம் ரெண்டு கதையையும் சொல்லுது, அதுக்கே பெரிய நன்றி சொல்லணும்.

எனக்கு மனசுல நிக்கிறது படிக்கட்டுச் சுவருதான். பழைய சாயத்தை மேல பூசாம அப்படியே விட்டு வெச்சிருக்காங்க, செதில் செதிலா உரிஞ்சு கெடக்கு. ஒண்ணு செம்மண் சிவப்பு, ஆட்டுக்கு அடையாளம் போடுற காவி. இன்னொண்ணு ரெக்கிட்ஸ் நீலம், துணிக்குப் போடுற நீலம்தான், நம்ம வீட்டுல அம்மா வாளித் தண்ணில கரைச்சு வேட்டிக்குப் போட்ட ராபின் ப்ளூவும் அதே ரெக்கிட் கம்பெனியோடதுதான். சுண்ணாம்புல நீலம் கலந்து அடிக்கிறது நம்மூர்லயும் உண்டே, பொங்கலுக்கு முன்னாடி வீடெல்லாம் அந்த வாசனைதான் வரும். 100 பேர் ஏறி இறங்குன அந்தப் படில நின்னு அந்த நீலத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், கைடு அடுத்த ரூமுக்குக் கூப்பிடுற வரைக்கும்.