அம்மாவுக்கும் ஜிம்மிக்கும் ஒரு மூலை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்வளவு பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்டது. அதில் பாதியைக் கிணறும் உடுப்புத் தோய்க்கும் கல்லும் பிடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியை அம்மாவுக்கும், அவர் காலமாகி ஐந்து மாதங்களில் அவரைப் பின்தொடர்ந்த எங்கள் நாய் ஜிம்மிக்கும் உரிய நினைவுத் தோட்டமாக ஆக்கி முடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன.

அம்மாவின் சாம்பலை 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில் கரைத்தோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, ஒரு கைப்பிடியையாவது எடுத்து வைத்து ஒரு செடிக்கு இடும்படி தொலைபேசியில் அழுதழுது கேட்டான். பெரியம்மா இணங்கவில்லை. "வழியனுப்பின பிறகு பிடிச்சு வைக்கக் கூடாது, பிள்ளை. அவள் கைபட்ட மரம் ஏதும் இருந்தால் அதைக் கொண்டுவந்து நடு" என்றார். சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிகுதி என்பதையும், அதை அப்படியே வேரடியில் கொட்டினால் இளங்கன்று கருகிவிடும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். ஆனால் அன்று என்னை அமைதிப்படுத்தியது பெரியம்மாவின் இரண்டாவது வசனமே.

ஜிம்மி ஓர் இரவில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்தபடியே போய்விட்டான். அவனுக்குப் பதின்மூன்று வயது. விடிந்ததும் கூலிக்கு ஒருவரை அழைத்து, கிணற்றுக்கு எதிர்மூலையில் மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டச் சொன்னோம். வீடு கட்டிய காலத்தில் கபுக் என்னும் செந்நிறக் கல்மண்ணும் சாந்துக் கட்டிகளும் கொட்டி நிரவிய நிலமாகையால், அலவாங்கால் இடித்து இடித்து அந்த ஆழத்தை எட்ட நண்பகலாகிவிட்டது. ஆழம் குறைந்தால் தெருநாய்கள் கிளறிவிடும் என்பதால் அவரை அவசரப்படுத்தவில்லை. பொலித்தீன் மக்காது, ஆகவே அம்மாவின் பழைய பருத்திச் சேலையொன்றில் அவனைச் சுற்றி வைத்தோம். மண் பின்னர் அமிழுமென்று அரையடி உயரத்துக்குக் குவித்து, மேலே தட்டையான கற்களைப் பரப்பினோம். உடல் மக்கும் காலத்தில் அதற்கு மிக அருகிலுள்ள வேர்கள் கருகக்கூடும் என்பதால், முதல் வருடம் அந்த மேட்டில் எதையும் நடவில்லை.

அம்மாவின் கைபட்ட மரம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டிலிருந்த பவளமல்லிகைதான். பவளமல்லிகை அந்தியில் விரிந்து விடியற்காலையில் உதிர்ந்துவிடும். நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைப்பதில்லை என்ற வழக்கத்துக்கு இந்தப் பூ விலக்கு. ஆகவே அம்மா ஒவ்வொரு மாலையும் மரத்தடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைப்பார். காலையில் குந்தியிருந்து, பவள நிறக் காம்பு நசியாதபடி இரண்டு விரல்களால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓலைப்பெட்டியில் இடுவார். அந்த மரம் இன்னும் நின்றது. பென்சில் தடிப்பில் ஆறு தடிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, யாழ்தேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மணலும் கூட்டெருவும் கலந்த சாடிகளில் நிழலில் வைத்ததில் மூன்று துளிர்த்தன.

அதன் பிறகு நான் செய்தது பெரும் பிழை. மழை வந்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சமென்று எண்ணி, வைகாசியில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வேளையில், இரண்டு கன்றுகளை நேராக நிலத்தில் நட்டேன். இடித்த குழி சட்டியைப் போல நீரைத் தேக்கியது. மூன்று வாரங்களில் இரண்டின் வேரும் அழுகிவிட்டன. அம்மாவை மறுபடி இழந்ததைப் போல அழுதேன். சாடியில் மிஞ்சிய ஒரேயொரு கன்றுக்காக, கற்களை அடுக்கி ஒன்றரையடி உயரப் பாத்தி கட்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் நிரப்பி, தை மாதத்தில் நட்டேன். கொழும்பில் வைகாசியைப் போலவே ஐப்பசியிலும் மழை கொட்டும் என்பதால், இரண்டு மழைக்கும் இடைப்பட்ட உலர்ந்த மாதங்களில் நட்டு, கையால் நீரூற்றி வேர் பிடிக்க வைப்பதே நல்லது.

அம்மாவின் ஆட்டுக்கல்லைப் பெயர்ப்பலகைக்குப் பதிலாகப் பாத்தியருகில் வைத்திருந்தேன். அதன் குழியில் மைனாக்கள் நீர் குடிப்பதைப் பார்ப்பது பெரும் ஆறுதலாக இருந்தது. ஆனால் டெங்குச் சோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதில் கைவிளக்கை அடித்து நுளம்புக் குடம்பிகளைக் காட்டினார். நுளம்பு பெருக இடமளிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2007 முதல் இருக்கிறது. அவர் வழக்கெழுதாமல், நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டைகள் காய்ந்த கல்லிலும் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். குழியைத் தேய்த்துக் கழுவி, கூழாங்கற்களும் மணலும் விளிம்புக்கு மேலே குவியும்படி நிரப்பினேன். இப்போது திதியன்று அதன்மேல்தான் அகல்விளக்கு ஏற்றுகிறோம். பறவைகளுக்கு ஆழமற்ற மண்தட்டொன்று வைத்து, நாள்தோறும் தும்பால் தேய்த்து நீர் மாற்றுகிறேன்.

மற்றச் செடிகள் எளிதாக வந்தன. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் நட்டேன். ஜிம்மியின் மேட்டில் இரண்டாம் வருடம் நித்தியகல்யாணி வைத்தேன். அலரியையும் லில்லியையும் தவிர்த்தேன். அலரி நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு, லில்லி பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்; வீட்டில் இன்னும் ஒரு பூனை இருக்கிறது.

போன மாதம் பக்கத்துத் தொடர்மாடியிலிருந்து ஏழு வயதுப் பையனொருவன் தன் தாயோடு வந்தான். கையில் பிஸ்கட் தகரப் பெட்டி, அதற்குள் இறந்த பச்சைக்கிளி. "அன்ரி, ஜிம்மிக்குப் பக்கத்திலே வைக்கலாமா?" என்று கேட்டான். தகரம் மண்ணாகாதென்று சொல்லி, கிளியை வாழையிலையில் சுற்றி, கல்லோரத்தில் இரண்டடி ஆழத்தில் அவனையே வைக்கச் செய்தேன். மண்ணை மூடும்போது, கிளிக்கு விருப்பமானதென்று கொஞ்சம் கொச்சிக்காய் விதையையும் தூவினான். அவை இப்போது முளைத்திருக்கின்றன. வைகாசிக்கு முன்னர் அந்தப் பக்கத்துக்கும் ஒரு வடிகால் வெட்ட வேண்டும்.