சாண்கூட இல்லாத பயனெட்

பாரிஸில் ஞாயிறு காலையானால் பழைய சாமான் சந்தையைச் சுற்றாமல் எனக்குப் பொழுது போகாது. அப்படி ஒரு நாள், சாவிகளும் ஸ்பூன்களும் கிடந்த தட்டில் இரும்பு உறையோடு ஒரு குட்டிப் பயனெட் கண்ணில் பட்டது. துப்பாக்கி முனையில் மாட்டுகிற அதே கத்திதான், ஆனால் சாண்கூட இல்லை. "நெப்போலியன் காலத்துச் சாமான்" என்றார் கடைக்காரர். எதைக் காட்டினாலும் இதைத்தான் சொல்வார்கள். 20 யூரோவுக்குப் பேசி முடித்தேன். "காய் நறுக்கக்கூட ஆகாதே" என்றாள் மனைவி.

எந்த மாடல் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வரிவரியான பித்தளைப் பிடி, உள்வாங்கி வளைந்து நுனியில் மறுபடி நிமிரும் அலகு, கொக்கி போன்ற குறுக்குக் கம்பி: 1866-ஆம் ஆண்டு மாடல் ஷாஸ்போ துப்பாக்கியின் பயனெட்டேதான். 1870-இல் பிரஷ்யாவோடு நடந்த போரில் பிரெஞ்சு வீரர்கள் ஏந்தியது. ஆட்சியில் இருந்தவர் மூன்றாம் நெப்போலியன். ஆக, கடைக்காரர் வாயில் தப்பித் தவறி உண்மை வந்திருக்கிறது. நான்தான் வேறொரு நெப்போலியனை நினைத்துக்கொண்டேன்.

சரி, இவ்வளவு சின்னதாக யாருக்காகச் செய்தார்கள்? 1882-இல் பிரெஞ்சுப் பள்ளிகளில் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கப் படைப்பிரிவுகள் தொடங்கினார்கள். அந்தப் பையன்களுக்கானதோ என்று கொஞ்ச நாள் ஆசைப்பட்டேன். அளவுகோலை வைத்ததும் ஆசை போயிற்று. மொத்த நீளம் 17.5 சென்டிமீட்டர். அசல் சுமார் 70. சரியாகக் கால் பங்கு. குழாயில் மாட்டும் வளையத்துக்குள் ஒரு பென்சில்கூட நுழையவில்லை.

அப்படியானால் ஏதாவது பொம்மைத் துப்பாக்கிக்கு உரியதோ? இன்வாலிட் ராணுவ அருங்காட்சியகத்தில் அசலின் முன்னால் நின்று பார்த்தேன். பிடியின் முதுகில் நீளமாக ஒரு பள்ளம். துப்பாக்கிக் குழாயில் துருத்தி நிற்கும் கட்டை அதற்குள் வழுக்கிப் போய், பக்கத்து வில் பட்டையின் பிடியில் பூட்டிக்கொள்ளும். என்னுடையதில் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கீறல்தான். வில்லும் பிடியோடு சேர்த்து வார்த்த புடைப்பு, அழுத்தினால் அசையாது. அசலில் அலகின் முதுகில் சேன்-எத்தியேன் போன்ற ஆயுதச் சாலையின் பெயரும் மாதமும் ஆண்டும் சாய்வெழுத்தில் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் இதில் ஓர் எழுத்துகூட இல்லை. அலகின் இரு ஓரமும் மழுங்கல். எந்தத் துப்பாக்கியிலும் மாட்டச் செய்ததல்ல, மேஜைமேல் வைக்கும், காகிதம் வெட்டும் கத்தி.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் புத்தகங்கள் பக்கம் வெட்டாமலேயே விற்பனைக்கு வரும். வாசகர்தான் மடிப்பை வெட்டிப் படிக்க வேண்டும். அதே சந்தையில் வெட்டாத ஒரு பழைய நாவலை 2 யூரோவுக்கு வாங்கி வந்து பார்த்தேன். நிமிர்ந்த நுனி மடிப்புக்குள் தானாகவே இறங்கியது. இழுத்தால் சரசரவென்று சத்தம், ஓரத்தில் பஞ்சு போலப் பிசிறு.