ஆர்.சி.வி.எஸ். தேர்வு: செம்மறிப் பகுதிக்கு முதலில் காலண்டர்

வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்கள் பிரிட்டனில் தொழில் செய்ய எழுதும் ஆர்.சி.வி.எஸ். தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸாகிவிட்டேன். கட்டிய ஃபீஸை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அது வேறு கதை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன். செம்மறிக்கு நான் படித்த விதத்தை மட்டும் சொல்கிறேன். நாய், பூனைக்கெல்லாம் என்னைவிட நல்ல குறிப்புகள் உங்களிடமே இருக்கும்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இடிக்கிற இடம் இது. நம் மந்தைகளில் கிடா பெரும்பாலும் வருஷம் முழுக்கப் பெட்டைகளோடுதான் மேயும். பிரிட்டனில் பகல் குறையும் இலையுதிர் காலத்தில்தான் பெரும்பாலான இனங்கள் பருவத்துக்கு வரும். அங்கத்து விவசாயி 'டப்' என்று சொல்லும் பொலிகிடாவுக்கு வருஷத்தில் சில வாரம்தான் வேலை. அதில் அது சொதப்பினால் அந்த வருஷக் குட்டிகள் போச்சு.

ஆகவே நோய்ப் பட்டியலை உருப்போடும் முன் தேதிக் கணக்கைப் பிடியுங்கள். சினைக்காலம் சுமார் 147 நாள். நவம்பர் 5, அவர்களின் பட்டாசு நாளில் கிடாவை விட்டால் ஏப்ரல் 1-இல் குட்டிகள் விழத் தொடங்கும். அங்கிருந்து பின்னால் போங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம். செப்டம்பர் கடைசியில் காய்ச்சல் கண்ட கிடா நவம்பரில் தெம்பாக நிற்கும், விந்து மட்டும் மோசமாக இருக்கலாம். அதனால்தான் கிடாப் பரிசோதனையை ஆகஸ்ட் கடைசியிலேயே வைக்கிறார்கள். கோளாறு தெரிந்தால் வேறு கிடா வாங்கவும் நேரம் இருக்கும். எனக்கு மார்க் தந்தது இந்தக் கணக்குதான் என்று சத்தியம் செய்வேன்.

மற்றவை சுருக்கமாக:

- கிடாப் பரிசோதனையில் பார்ப்பவை: பல், குளம்பு, விதை, உடல் தேற்றம், தடுப்பூசி மற்றும் குடற்புழு மருந்து. வரிசை மாறாமல் கை பழக வேண்டும்.
- தேற்ற மதிப்பெண் (சதையும் கொழுப்பும் எவ்வளவு என்று தடவிப் பார்த்து 5-க்குத் தருவது) 3.5 முதல் 4. கிடா விட்டபின் வேகமாக இளைக்கும்.
- விதைப்பைச் சுற்றளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், டேப் வையுங்கள். வளர்ந்த கிடாவுக்கு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால் நிம்மதி.
- எந்தப் பெட்டை மேல் ஏறியது என்று தெரிய, கிடாவின் நெஞ்சில் பூசும் சாயத்தை 16-17 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு. இரண்டாம் நிறம் நிறையப் பெட்டைகளின் முதுகில் விழுந்தால், அவை சினைபிடிக்காமல் மறுபடி பருவத்துக்கு வந்தவை, முதல் சந்தேகம் கிடா மேல்.
- புரூசெல்லா ஓவிஸ் (கிடாவின் விதையைத் தாக்கி மலடாக்கும் பாக்டீரியா) பிரிட்டனில் இல்லை. பாடப்புத்தகப் பழக்கத்தில் அதை முதல் காரணமாக எழுதாதீர்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, பேச்சிலேயே பொழுது போய்விடும். அந்த நேரத்துக்குப் பண்ணைக்குப் போய் நாலு கிடாவைப் பரிசோதிக்கத் தோதாகப் பிட்டத்தில் உட்கார வைத்துப் பழகுங்கள். 90 கிலோ கிடா வீடியோவில் உட்காருவது போல உட்காராது.