பின்பாட்டுப் பாடியவர் தைத்த கடல்

எங்கள் தாத்தா நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'ஆர்மோனியம் பின்பாட்டு' என்று அச்சிட்டிருக்கும். ராஜபார்ட் விட்ட அடியை எடுத்துப் பாடி, அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பாட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வது தாத்தாவின் வேலை. கைதட்டல் ராஜபார்ட்டுக்கு. தாத்தா அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. அவருக்கும் சேர்த்துப் பாட்டி குறைப்பட்டுக்கொண்டாள்.

அயர்லாந்துப் பாடகி லிசா ஹன்னிகனை நான் முதலில் கேட்டதும் பின்பாட்டாகத்தான். அதே நாட்டுப் பாடகர் டேமியன் ரைஸ் 2002இல் வெளியிட்ட 'ஓ' ஆல்பத்தில் அவர் தொண்டை கிழியப் பாடுகிற இடங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் குரல் தணிந்து வந்து போகும். யார் இது என்று தேடியபோது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கலை வரலாறு படித்தவர் என்று தெரிந்தது. 2006இல் வந்த '9' ஆல்பத்திலும் இருந்தார். 2007இல் இருவரும் பிரிந்தார்கள். ஏன், யார் மேல் தவறு என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவருடைய சொந்த ஆல்பம் வந்தது, அது எனக்குப் போதும்.

பெயர் 'சீ ஸோ'. கடல் ஒரு சொல், தைப்பது ஒரு சொல். வீட்டில் அடிக்கடி இந்தப் பெயரைச் சொல்லி, "யாரைப் பார்த்துச் சீ என்கிறாய்?" என்று அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெரிய நிறுவனம் எதையும் நம்பாமல் 'ஹூப் ரெக்கார்டிங்ஸ்' என்ற பெயரில் தானே வெளியிட்டார். ஹூப் என்றால் வளையம். எம்பிராய்டரிக்குத் துணியை இழுத்துப் பிடிக்கிற வளையம்தான் அது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் ஆல்பத்தின் உறையை அவர் கையால் தைத்திருக்கிறார். உள்ளே பாடல் வரிகளும் அச்செழுத்து அல்ல, நூல் எழுத்து.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று புரியும். பூவும் இலையும் தைப்பது சுலபம், இதழ் கொஞ்சம் கோணினாலும் பூ பூதான். எழுத்து அப்படி இல்லை. போன மாதம் ஆசைப்பட்டு 'மழை' என்று தைக்க உட்கார்ந்தேன். 'ம' வந்துவிட்டது. 'ழை'யில் முன்னால் நிற்கிற இரட்டைச் சுழி முதலில் காலை வாரியது. அதைத் தாண்டினால் ழகரத்தின் கீழ்வளைவு. பின் தையலில் ஒவ்வொரு குத்தையும் அரிசியில் பாதி நீளத்துக்குக் குறைத்தால்தான் வளைவு வளைவாக நிற்கிறது, கொஞ்சம் நீண்டால் முடக்கு விழுந்துவிடுகிறது. இரண்டு முறை பிரித்தேன். துணியில் ஊசி போன ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு பிற்பகல். இவர் பத்துப் பாட்டுக்குத் தைத்திருக்கிறார்!

பாட்டுகளைத் தயார் செய்தது கில்கென்னி மாவட்டத்தில் தாமஸ்டவுன் என்ற ஊரில், ஒரு களஞ்சியக் கொட்டகையில். பிறகு டப்ளினில் இரண்டே வாரத்தில் பதிவை முடித்துவிட்டார். ரைஸின் குழுவில் வாசித்தவர்கள் சிலர் இதிலும் உண்டு. செல்லோ, வயலின், டிரம்பெட், மாண்டலின், கிளாக்கன்ஷ்பீல் என்று அலமாரியில் இருந்ததையெல்லாம் எடுத்துப்போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் எதுவும் இன்னொன்றின் மேல் ஏறி உட்காருவதில்லை. இது நாட்டுப்புறப் பாட்டா, பாப்பா, ஜாஸா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஒட்டுத்துணிப் போர்வையில் எந்தப் பாவாடை எந்தச் சட்டை என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

அப்புறம், ஆர்மோனியம்! ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கிற அதே பெட்டி. அவர் மேடையில் வாசிக்கும் காணொளியை முதன்முதலில் பார்த்தபோது, எழுந்துபோய்ப் பரணில் தாத்தாவின் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். (1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை உள்ளே விடவில்லை. தாத்தாவின் நல்ல வயதெல்லாம் அந்தக் கணக்கில் போனது.)

ஆல்பத்தில் எனக்கு உயிர் 'ஐ டோன்ட் நோ'. இன்னும் சரியாகப் பழகாத ஒருவரைப் பற்றி, தெரியாது, தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. நீ என்ன புகைப்பாய், எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கிறாய், கடிதம் எழுதுகிற ஆளா, தொலைபேசியில் பதறுகிற ஆளா. பெண் பார்க்க வந்தவர்கள் என்னிடம் சம்பளம், நட்சத்திரம், சமையல் எல்லாம் கேட்டார்கள், இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இந்தப் பாட்டை டிங்கிள் ஊரில் 'டிக் மாக்ஸ்' என்ற மதுக்கடையில் பாடிய காணொளி ஒன்று இருக்கிறது. அந்தக் கடையில் ஒரு பக்கம் மது, மறு பக்கம் தோல் வேலை. அந்த நெரிசலில் முழங்கை இடிபடாமல் ஆளுக்கொரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் என் வேலைக்கு ஆபத்து.

'கோர்ட்டிங் ப்ளூஸ்' மட்டும் அவருடையதல்ல. ஸ்காட்லாந்தின் பர்ட் ஜான்ஷ் 1965இல் தன் முதல் ஆல்பத்தில் பாடியது. தன் முதல் ஆல்பத்தில் இன்னொருவரின் முதல் ஆல்பத்துப் பாட்டை வைத்திருப்பது, பழம் புடவையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சேர்ப்பது போல எனக்குப் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் இரண்டு பாட்டுகள் ஒரே தூக்கத்தில் நடக்கின்றன, அந்த நேரத்தில்தான் நான் எழுந்துபோய் உலையைப் பார்ப்பேன். ஆனால் கடைசிப் பாட்டான 'லீல்' தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆல்பம் அயர்லாந்தின் சாய்ஸ் பரிசுப் பட்டியலிலும், 2009இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டும் வேறு ஆட்களுக்குப் போயின. பாட்டி இருந்திருந்தால் இவருக்காகவும் குறைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

நான் தைத்த 'மழை' வளையத்திலேயே மாட்டிக் கிடக்கிறது. நேற்று அம்மா அதை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்து வெகுநேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்து முடிச்சுகளை எண்ணினார். "முதலில் இருக்கிறது ஜாங்கிரி. மற்றது என்ன?" என்றார்.