அருவி மூடிய வாரம்

ஜூலை 11, இலஞ்சி

விருதுநகரில் கிளம்பும்போதே மகள் துண்டைப் பையின் மேலாகச் செருகி வைத்திருந்தாள், இறங்கியதும் எடுக்க வசதியாக. எடுக்க வேண்டியிருக்கவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில் கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். மலையில் இரவு முழுக்க மழையாம். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை. பொங்குமாங்கடலில் விழுந்து எழும்பி வரும் வெள்ளம் டிகாக்‌ஷன் கூடிப்போன காபி நிறத்தில் இருந்தது. ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். அங்கும் கயிறு. பழைய குற்றாலத்திலும் இதே கதைதான் என்று சொல்லி, ஆட்டோக்காரர் தனக்கு வரவேண்டிய சவாரியைத் தானே கெடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட பிறகு தடையைக் கேள்விப்பட்ட ஒருவர் சிப்ஸ் கடைப் படியில் மினுமினுவென்று உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் எங்கள் துயரம் ஒன்றுமில்லை. அரைக் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். அதில் கால் கிலோ குரங்குக்குப் போனது.

இலஞ்சியில் மாமா வீட்டுத் திண்ணையில் நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "அருவியைத்தானே மாப்பிள்ளை மூடினார்கள், காற்றை மூடவில்லையே" என்றார். மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் பருவமழை, மலைத்தொடர் தாழ்ந்திருக்கும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சத்தை இந்தப் பக்கம் தூவிவிடுகிறது. அதுதான் சாரல். குடையை விரித்தால் மடங்கிக்கொள்கிறது, விரிக்காவிட்டால் பெரிதாக நனைவதும் இல்லை. நாளை முதல் ஊர் சுற்றுவது என்று முடிவு.

ஜூலை 12, தென்காசி

டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழையும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. மகளின் துப்பட்டா பின்னால் வந்த ஒரு பெரியவரின் முகத்தை மூடிவிட்டது. கொஞ்ச தூரம் உள்ளே போனதும் அதே காற்று முதுகுப் பக்கம் வந்து, உள்ளே போ போ என்றது. மகள் நம்பாமல் திரும்பிப் போய் மூன்று முறை நுழைந்து பார்த்தாள். பூக்காரம்மாள் சிரிக்கவில்லை. தினமும் பார்க்கிறவர் போலிருக்கிறது.

கோயிலைக் கட்டத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன், 1446இல். ஆனால் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு வயது அவ்வளவு இல்லை. பழைய கோபுரம் சிதைந்து பல தலைமுறைகளுக்கு மொட்டையாக நின்றது. திரும்பக் கட்டி முடித்துக் குடமுழுக்கு நடந்தது 1990இல்தான். மாமா மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர். புதுக்கோபுரத்தை இன்னமும் "புதுசு" என்றுதான் சொல்கிறார்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பாண்டியனின் கல்வெட்டுப் பாட்டு. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை நேர்ந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான். அரசர்களின் கல்வெட்டு என்றால் இடித்தவன் நரகத்துக்குப் போவான் என்று மிரட்டும். இவன் இன்னும் பிறக்காத கொத்தனாருக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டு வைத்திருக்கிறான். ஐந்நூறு வருடம் கழித்து அந்தக் கும்பிடு போய்ச் சேர்ந்தது.

அருவி நிலவரம்: தடை.

ஜூலை 13, செங்கோட்டை, தென்மலை

செங்கோட்டைக்குள் நுழையும் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோதுதான் இந்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. வளைவை யாரும் இடிக்கவில்லை, அதன் கீழே தமிழில் பேசிக்கொண்டு ஆடுகள் சகிதம் போகிறார்கள்.

வாஞ்சிநாதன் சிலையருகே மகள் நின்றாள். பாடப்புத்தகத்தில் அவனை மணியாச்சியோடு சேர்த்துத்தான் படித்திருக்கிறாள்: 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ். வாஞ்சி இந்த ஊர்க்காரன், மலைக்கு அப்பால் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவன் என்றேன். "அப்படியானால் நாம் போகப்போகும் ரயில் அவர் காலத்தில் இருந்ததா அப்பா?" இருந்தது. மலைப்பாதை 1904இலேயே திறக்கப்பட்டுவிட்டது. மீட்டர் கேஜ். அகலப்பாதைக்காக 2010இல் மூடி, 2018இல் திறந்தார்கள்.

பகவதிபுரம் தாண்டியதும் குகை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருட்டு. பெட்டியில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள், நானும் கொஞ்சம் கத்தினேன். குகைக்கு இந்தப் பக்கம் சாரல், அந்தப் பக்கம் மழை. வேறு வார்த்தை தேவையில்லை, நிஜமான மழை. பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் போனபோது நாங்கள் எல்லாவற்றையும் பார்த்தோம், பாலத்தைத் தவிர. தென்மலையில் இறங்கி பஸ்ஸில் திரும்பும்போதுதான் சாலையோரம் கருங்கல் கண்களோடு அது முழுதாக நின்றது. வழியில் ஆரியங்காவு ஐயப்பன் கோயில். இந்த ஐயப்பனுக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் சம்பந்தி முறை. மார்கழியில் பெண் வீட்டாராக வந்து திருக்கல்யாணம் நடத்திவிட்டுப் போவார்கள்.

இரவு பிரானூரில் புரோட்டா. இந்த வட்டாரத்தில் "பார்டர்" என்றால் இந்த இடம்தான், பஸ் நடத்துநரும் அப்படித்தான் கூவுகிறார். சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றன. எல்லை மலைக்கு மேலே போய்ப் பல வருடம் ஆகிறது. பெயரும் புரோட்டாவும் கூடவே போக மறுத்துவிட்டன. உள்ளங்கை அகலப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே நாட்டுக்கோழிச் சால்னா. எத்தனை தின்றேன் என்று இங்கே எழுதப்போவதில்லை, மனைவியும் இதைப் படிக்கிறாள்.

ஜூலை 14

எங்கும் போகவில்லை. காரணம் புரோட்டா. அத்தை உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தார், சுக்குக் கஷாயத்துக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. அருவி: தடை.

ஜூலை 15, பண்பொழி, சுந்தரபாண்டியபுரம்

பண்பொழித் திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. அத்தை படியில்தான் ஏறுவேன் என்றார். அறுநூறுக்கு மேற்பட்ட படிகள். எழுபது வயதுக்காரர் முன்னால் போக, நான் ஒவ்வொரு திருப்பத்திலும் காட்சியை ரசிக்கிற சாக்கில் மூச்சு வாங்கினேன். ரசிக்கவும் இருந்தது: ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் வயல், தென்னை, நிரம்பிய குளங்கள். மேகம் மலை உச்சியில் தேங்கிக் கிடக்க, சமவெளியில் வெயில். அந்த இரண்டுக்கும் நடுவில் சாரல் ஒரு திரை போல நகர்ந்து போவதை மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தது. கேரள எண் வண்டிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. எங்கள் மலை தடுத்து வைத்துக்கொண்ட வெயிலைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. மாலை நான்கு மணி, சூரியன் மேற்கில். சாலையும் வயலுக்கு மேற்கில்தான். பூக்கள் அத்தனையும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மகளுக்கு ஏமாற்றம்: "சூரியனைப் பார்த்துத்தானே திரும்பும் என்பார்கள்?" மொட்டாக இருக்கும் வரைதான் அந்த ஆட்டமெல்லாம். முற்றி விரிந்துவிட்டால் கிழக்கு நோக்கி நின்றுவிடும். வயலுக்குள் இறங்கிப் போய் முகத்தைப் படம் எடுக்க ஆளுக்கு இருபது ரூபாய் என்று அட்டையில் எழுதிக் கட்டியிருந்தார் விவசாயி. கொடுத்தோம். வரப்பை மிதித்துப் பாத்தியைச் சிதைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்த இருபது ரூபாய் குறைவு என்று பட்டது. வயலுக்குப் பின்னால் காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. "கணவாய்க் காற்று" என்றார் மாமா, தானே ஊதிவிட்டது போல.

ஜூலை 16, கடையம்

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் பாசஞ்சரில் கீழக்கடையம். செல்லம்மாளின் ஊர். கடலூர்ச் சிறையிலிருந்து 1918 டிசம்பரில் விடுதலையாகி, பாரதி வந்து சேர்ந்தது மாமனார் ஊரான இங்கேதான். ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்தார். அக்கிரகாரத்துக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேலையில்லாத, வைதிகத்தை மதிக்காத மருமகனை ஒரு சிற்றூர் எப்படிப் பார்த்திருக்கும் என்று தெருவில் நடக்கும்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இன்று அதே ஊரில் பாரதியும் செல்லம்மாளும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது. மகள் என்னை விட்டுவிட்டு செல்லம்மாள் பக்கம் போய் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் நித்யகல்யாணி அம்மன் கோயில். வெளியே ஆள் இல்லை, ஒரு மயில் மட்டும். திரும்பும்போது பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு எந்த ஊர், என்ன வேலை, பெண் என்ன படிக்கிறாள் என்று முறையாக விசாரித்தார். கடைசியில், "குற்றாலத்துக்கு வந்தவர்கள் இங்கே எதற்கு வந்தீர்கள்?" அருவி மூடியிருக்கிறது என்றேன். "நல்லது" என்று சொல்லி இன்னொரு டீ போட்டார்.

ஜூலை 17

அதிகாலை நாலரைக்கு மாமா கதவைத் தட்டினார். "திறந்துவிட்டார்கள், எழுந்திரு." யார் சொன்னார்கள் என்று கேட்டதற்குப் பால்காரர் என்றார்.

இருட்டிலேயே போனோம். அதற்குள் ஐம்பது அறுபது பேர். தண்ணீர் தலையில் விழவில்லை, அறைந்தது. காது அடைத்து, மூச்சு நின்று, பெயர் மறந்து, பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என் தோளைப் பிடித்திருந்தார். யாரென்று தெரியாது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்ல, பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம். பெண்கள் பக்கமிருந்து மகள் உதடு நீலம் பூத்து வந்து, "இன்னொரு தடவை" என்றாள். போனாள். அத்தை பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றினார்.

மதியம் விருதுநகருக்கு பஸ். ஈரத்துண்டைப் பைக்குள் வைக்க முடியாமல் மகள் ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டாள். தென்காசியில் சிற்றாற்றுப் பாலம் தாண்டும்போது கீழே இன்னும் அதே காபி நிறம். பஸ்ஸுக்குள் அடித்த காற்றில் துண்டு, கடையநல்லூர் வருவதற்குள் காய்ந்துவிட்டது.